மூன்று இதழும் திருப்பி அனுப்பிவிட்டன, ஆங்கிலம்தான் காரணமா?

கேள்வி, 8 மார்ச் 2025

வணக்கம். நிர்வாகவியலில் பகுதிநேர பிஎச்டி, நாலாவது வருஷம். திருப்பூரில் பதினொரு பனியன் கம்பெனிகளில் 412 தொழிலாளர்களிடம் வினாப்பட்டியல் வாங்கியிருக்கிறேன். நிறுவனப் பற்றுக்கும் வேலையை விட்டுப் போகும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்புதான் தலைப்பு. ஸ்மார்ட் பிஎல்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஓட்டியாச்சு, எல்லா எண்ணும் வரம்புக்குள் இருக்கிறது. மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன். மூன்றும் மதிப்பாய்வு செய்யும் ரிவ்யூவர் கைக்கே போகாமல், எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிட்டன. என் ஆங்கிலம்தான் காரணமா? வாட்ஸ்அப்பில் ஒருவர் 18,000 ரூபாய்க்கு இரண்டே மாதத்தில் ஸ்கோப்பஸ் பட்டியலில் உள்ள இதழில் வெளியீடு உத்தரவாதம் என்கிறார். கட்டிவிடலாமா மேடம்?

8 மார்ச், இரவு

கட்டாதீர்கள் தம்பி. மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

9 மார்ச்

முதலில் அந்த 18,000. உத்தரவாதம் என்ற சொல் வந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ள வேண்டும். கட்டுரையைப் படிக்கும் முன்பே ஏற்பேன் என்று சொல்லும் இதழில் படிப்பதற்கு ஆளே இல்லை என்றுதான் அர்த்தம்.

2018 மே மாதம் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, தான் அங்கீகரித்த இதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே அறிவிப்பில் நீக்கியது. அந்த இதழ்களில் வெளியிட்டுவிட்டு ஆய்வேட்டை முடிக்கும் நிலையில் இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். 2019இல் கேர் என்ற புதிய பட்டியல் வந்தது. அதையும் போன மாதம், 2025 பிப்ரவரியில், நிறுத்திவிட்டார்கள். இதழின் தரத்தைக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சில அளவுகோல்களை மட்டும் தந்திருக்கிறார்கள். பட்டியலே இல்லாமல் போன பிறகும் ‘யுஜிசி கேர் இதழ்’ என்று விற்கும் குறுஞ்செய்தி நேற்றுகூட எனக்கு வந்தது.

ஸ்கோப்பஸில் இருக்கிறதா என்று பார்க்க யாரையும் கேட்க வேண்டாம். ஸ்கோப்பஸின் மூலப் பட்டியல் பக்கத்தில் இதழின் அடையாள எண்ணான ஐஎஸ்எஸ்என்னைப் போட்டு இலவசமாகவே தேடலாம். இதழின் பெயர் வந்தால் மட்டும் போதாது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதையும் பாருங்கள். பாதியில் நீக்கப்பட்ட இதழ்களின் பழைய பெயரைக் காட்டித்தான் வியாபாரம் நடக்கிறது. நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே திருடிப் போலி இணையதளம் நடத்துகிறவர்களும் உண்டு. அதனால் ஸ்கோப்பஸ் பக்கத்திலிருந்து பதிப்பகத்தின் தளத்துக்குப் போய், அங்கிருந்து இதழுக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பு வழியாகப் போகவே வேண்டாம்.

இன்னொன்று. போலி இதழில் ஒருமுறை வந்துவிட்டால் அந்தத் தரவை வைத்து வேறு எங்கும் அதே கட்டுரையைப் போட முடியாது. திரும்பப் பெறுகிறேன் என்றால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள். 412 பேர் தங்கள் டீ நேரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன பதில் அங்கே போய் முடிந்துவிடும். எனக்கு வயிறு எரிவது இதற்காகத்தான், பணம் கூட அப்புறம்தான்.

ஆங்கிலம் பற்றி: கட்டுரையின் சுருக்கத்தை இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

12 மார்ச்

படித்தேன். ஆங்கிலம் காரணமில்லை. இரண்டு மூன்று இடத்தில் ஒருமை பன்மை இடறுகிறது, அவ்வளவுதான். அதற்காக எந்த எடிட்டரும் திருப்ப மாட்டார்.

முதல் வாக்கியம்: இன்றைய போட்டி நிறைந்த உலகில் மனிதவளமே ஒரு நிறுவனத்தின் மிகப் பெரிய சொத்து. இரண்டாவது: வேலையை விட்டுப் போவது எல்லா நிறுவனங்களுக்கும் பெரிய சவால். மூன்றாவது: திருப்பூர் பின்னலாடைத் துறையில் இப்படி ஓர் ஆய்வு இதுவரை வரவில்லை. நாலாவதில் 412 வந்துவிட்டது. ஐந்தாவதில் பற்று கூடினால் விலகும் எண்ணம் குறைகிறது என்ற முடிவு.

ஒரு எடிட்டர் இந்த ஐந்து வரியைப் படிக்கும்போது அவர் மனதில் என்ன ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். பற்று கூடினால் விலகல் குறையும் என்பது முப்பது நாற்பது வருஷமாகத் தெரிந்த சங்கதி. திருப்பூரில் யாரும் பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், யாரும் பார்க்காத ஊர் ஆயிரம் இருக்கிறது. டாக்காவில் ஆடைத் தொழிலை ஆராய்கிறவர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தன் வேலையில் எதை மாற்றிக்கொள்வார்? அதற்குப் பதில் சுருக்கத்தில் இல்லை. ‘எல்லைக்குள் வரவில்லை’ என்பது எடிட்டர்கள் மரியாதைக்காகச் சொல்லும் சொல். இதில் கேள்வி எங்கே என்று கேட்டிருக்கிறார்கள்.

அதனால் நான் உங்களைக் கேட்கிறேன். பதினொரு கம்பெனிக்குப் போனீர்களே, அங்கே உங்களை ஆச்சரியப்படுத்தியது எது? வினாப்பட்டியலுக்கு வெளியே என்ன பார்த்தீர்கள்? ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே பத்து வரி எழுதுங்கள்.

13 மார்ச்

இந்தப் பத்து வரியை ஏன் கட்டுரையில் ஒளித்து வைத்தீர்கள்! பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லிவிடுகிறேன். தம்பி ஒரு கம்பெனியில் வினாப்பட்டியல் கொடுத்த அடுத்த வாரம் மிச்சத்தை வாங்கப் போயிருக்கிறார். ஒரு லைன் முழுக்கக் காலியாக இருந்திருக்கிறது. லைன் இன்சார்ஜ் வேறு கம்பெனிக்குப் போனதும் கூடவே பதினாலு டெய்லர்கள் போய்விட்டார்களாம். அந்தப் பதினாலு பேரில் பலர் முந்தின வாரம்தான் ‘விலகும் எண்ணம் இல்லை’ என்று டிக் அடித்தவர்கள்.

இதை எழுதுங்கள். பற்று இல்லாமல் அவர்கள் போகவில்லை. பற்று இருந்ததால்தான் போனார்கள், ஆனால் அது கம்பெனி மேல் இருந்த பற்று இல்லை.

20 மார்ச்

ஒரு வாரம் விடைத்தாள் திருத்தும் வேலை, அதனால் தாமதம். இன்று அளவுகோலை, அதாவது பற்றை அளக்கும் வினாப்பட்டியல் வரிகளை, மொழிபெயர்ப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாக.

நீங்கள் பயன்படுத்தியது ஆலன், மேயர் இருவரும் 1990இல் வெளியிட்ட அளவுகோல். அதே அளவுகோலை 2011இல் நானும் தமிழாக்கிக்கொண்டு திருப்பூரில் அலைந்தேன். பிரிஸ்லின் 1970இல் சொன்ன முறைப்படி, ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டேன். அருமையாகப் பொருந்தியது. எனக்கு ரொம்பத் திருப்தி.

அப்புறம் அதைச் செக்கிங் டேபிளில் இருந்த ஓர் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ‘இந்த நிறுவனத்தின் மீது எனக்குப் பாசப் பிணைப்பு உண்டு’ என்று ஒரு வரி. அந்த அக்கா கையிலிருந்த பீஸை மடித்து வைத்துவிட்டு, “கம்பெனி மேலயாங்க? பக்கத்துல நிக்கற புள்ளைக மேல பாசமுங்க. இன்சார்ஜ் அண்ணன் மேல மரியாதைங்க. கம்பெனிங்கறது கட்டடம்தானுங்க” என்றார். அடுத்த வரி, ‘இந்த நிறுவனம் எனக்குச் சொந்தமான இடம் என்ற உணர்வு உண்டு’. “சொந்தம் ஓனருக்குத்தானுங்களே” என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. தமிழில் ‘சொந்தம்’ உறவையும் குறிக்கும், உடைமையையும் குறிக்கும். என் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டு பேரும் எம்ஏ படித்தவர்கள், இரண்டு பேருமே முதல் பொருளில்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் அது அவ்வளவு அழகாகத் திரும்பி வந்தது.

பெரிய சிக்கல் எதிர்மறை வரிகளில். ‘இந்த நிறுவனத்தில் நான் குடும்பத்தில் ஒருத்தியாக உணரவில்லை.’ ஏற்கிறீர்களா, இல்லையா? ஆங்கிலத்தில் இது ஓடிவிடும். தமிழில் “நீங்க அப்படி உணரலீங்களா?” என்று கேட்டால் “ஆமாங்க” என்றாலும் உணரவில்லை, “இல்லீங்க” என்றாலும் உணரவில்லை. இரண்டும் ஒரே பதில். அதைக் கொண்டுபோய் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள கட்டத்தில் போட்டால் பாதிப் பேர் ஒன்றிலும் பாதிப் பேர் ஐந்திலும் விழுவார்கள். என் தரவில் எதிர்மறை வரிகள் எல்லாம் மற்றவற்றோடு ஒட்டாமல் தனிக் கொத்தாக, அதாவது தனிக் காரணியாக, பிரிந்து நின்றன. நான் அப்போது என்ன செய்தேன் தெரியுமா? ‘காரணிச் சுமை குறைவாக இருந்ததால் நீக்கப்பட்டன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் கட்டுரையில் சொல்லத் தகுந்ததாக இருந்ததே அது ஒன்றுதான், அதைத்தான் நான் அழித்தேன்.

உங்கள் கட்டுரையிலும் ‘மூன்று வரிகள் நீக்கப்பட்டன’ என்று இருக்கிறது. எந்த மூன்று?

21 மார்ச்

ஒரு திருத்தம். தம்பி பயன்படுத்தியது 1993இல் மேயர், ஆலன், ஸ்மித் வெளியிட்ட திருத்திய வடிவமாம். உணர்வுப் பற்றைக் கேட்கும் பகுதியில் 1990இல் எட்டு வரி, அதில் நாலு எதிர்மறை. 1993 வடிவில் ஆறு வரி, அதில் மூன்று எதிர்மறை. அவர் நீக்கியது அந்த மூன்றையும்தான். நான் நேற்று வருஷத்தை மாற்றிச் சொன்னது தப்பு. சொன்ன காரணத்தில் மாற்றமில்லை.

22 மார்ச்

வினாப்பட்டியல் தாள் தொழிலாளர்களுக்கு யார் கையால் போனது என்று இன்னொரு நண்பர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நானே சொல்லியிருக்க வேண்டும்.

2011இல் என் தாள்களை ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வாங்கி அவரே கொடுத்து அவரே திரும்ப வாங்கித் தந்தார். மூன்றே மணி நேரத்தில் 60 தாள். எல்லாவற்றிலும் நாலு, ஐந்து. முறையியல் பகுதியில் ‘வசதி மாதிரி’ (கைக்குக் கிடைத்தவர்களிடம் கேட்டது) என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டேன். ரிவ்யூவர் ஒருவர் ஒரே வரியில் கேட்டார்: தாளைத் தொழிலாளி யாரிடம் திருப்பிக் கொடுத்தார்? இரண்டு நாள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அந்த 60 தாளையும் எடுத்துவிட்டு, எடுத்த காரணத்தையும் எழுதி அனுப்பினேன். கட்டுரை சிறிதானது, ஆனால் ஏற்றுக்கொண்டார்கள்.

3 ஏப்ரல்

எந்த இதழுக்கு அனுப்புவது என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது. எழுதி முடித்துவிட்டு இதழ் தேடும் வழக்கத்தை விட வேண்டும். உங்கள் மேற்கோள் பட்டியலை எடுத்து எந்த இதழின் பெயர் அடிக்கடி வருகிறது என்று எண்ணுங்கள். அந்தப் பேச்சு எங்கே நடக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அந்த இதழின் கடைசி இரண்டு வருஷத் தலைப்புகளை வாசியுங்கள்.

அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட் ஜர்னல் களத்தரவு உள்ள கட்டுரை கேட்கும், அதோடு கோட்பாட்டுக்குப் புதிதாக ஒன்று சேர்க்கவும் சொல்லும். அதன் சகோதர இதழான ரிவ்யூ கோட்பாட்டுக் கட்டுரைகளுக்கானது, அங்கே 412 பேர் தரவோடு போனால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். முதலாவதில் பக்க வரம்பு 40, மேற்கோள், அட்டவணை எல்லாம் சேர்த்து. உங்கள் இப்போதைய வடிவம் 52 பக்கம். பாதிக்குப் பாதி ‘இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்’ என்று போகிறது, அதையெல்லாம் எடுத்துவிடுங்கள்.

நம் நாட்டில் அகமதாபாத் ஐஐஎம்மின் ‘விகல்பா’ 1976 முதல் வருகிறது. பெங்களூரு ஐஐஎம்முக்கு ஓர் இதழ் இருக்கிறது. ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐயின் இதழ் நிர்வாகத்தோடு தொழிலாளர் ஆய்வையும் வெளியிடும். உங்கள் விஷயம் தெரிந்த ரிவ்யூவர் அங்கே கிடைப்பார்.

லைன் இன்சார்ஜோடு டெய்லர்கள் போன கதைக்கு ஏற்கனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. ரைக்கர்ஸ் 1985இல் ரிவ்யூவில், நிறுவனம் என்பது ஒரே பொருள் இல்லை, அதற்குள்ளே பல தரப்பு உண்டு, ஒவ்வொன்றின் மேலும் தனித்தனிப் பற்று இருக்கலாம் என்று எழுதினார். பெக்கர் 1992இல் ஜர்னலில் அதைத் தரவு வைத்துச் சோதித்தார், மேலாளரும் வேலைக் குழுவும் அதில் வந்தார்கள். இரண்டையும் படியுங்கள். செக்கிங் டேபிள் அக்கா சொன்னதற்கு ரொம்பப் பக்கத்தில் வருகிறது. உங்கள் கேள்வி அதற்கு அடுத்த படி: பற்று வைத்த ஆளே கிளம்பிவிட்டால் அந்தப் பற்று என்ன செய்யும்?

4 ஏப்ரல்

தனியார் கல்லூரி, நூலகத்தில் எந்த இதழும் திறக்கவில்லை என்கிறார் ஒருவர். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குத்தான். கட்டுரை ஆசிரியருக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள், ஒரு பிரதி கிடைக்குமா என்று. பெரும்பாலும் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு யாரும் முகம் சுளித்ததில்லை.

17 ஏப்ரல்

எண்ணெல்லாம் வரம்புக்குள் என்றீர்களே, அதற்கு வருகிறேன். பற்றையும் விலகும் எண்ணத்தையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே தாளில் கேட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு அவருக்கு இருந்த மனநிலை இரண்டு பதிலிலும் ஒட்டிக்கொள்ளும், தொடர்பு தானாகவே கூடித் தெரியும். இந்தச் சார்பைப் பார்க்கச் செய்யும் ஹார்மன் ஒற்றைக் காரணிச் சோதனையில் 50 சதவீதத்துக்குக் கீழே வந்தது, எனவே சார்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனை எதையும் கட்டுப்படுத்துவதில்லை என்று போட்சாகாஃபும் கூட எழுதியவர்களும் 2003இலேயே சொல்லிவிட்டார்கள். கட்டுரையில் அவர்களையே மேற்கோள் காட்டி, அவர்கள் போதாது என்ற சோதனையைச் செய்திருக்கிறீர்கள்! இதை நான் மாணவர்களிடம் வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன்.

வழி இருக்கிறது. பதினொன்றில் எத்தனை கம்பெனி வருகைப் பதிவேடு தரும்? ஆறு மாதம் கழித்து யார் இருக்கிறார், யார் போனார் என்று தெரிந்தால் ‘எண்ணம்’ என்ற கட்டத்தையே விட்டுவிட்டு நிஜமான விலகலை வைத்துக்கொள்ளலாம். ஆனால் தாளில் பெயரோ டோக்கன் எண்ணோ வாங்கியிருக்கிறீர்களா? வாங்கியிருந்தால் அதை இப்படிப் பயன்படுத்துவோம் என்று அவர்களிடம் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் பதிவேட்டைத் தொடாதீர்கள்.

19 ஏப்ரல்

சொல்லவில்லையாம். சரி, அந்த வழி இல்லை. லைன் அளவில் பார்க்கலாம்: எந்த லைனில் இன்சார்ஜ் மாறினார், அந்த லைனில் எத்தனை பேர் குறைந்தார்கள் என்ற எண்ணிக்கை மட்டும். தனி ஆளின் தாளோடு யாரையும் இணைக்க வேண்டாம். கம்பெனி அனுமதி எழுத்தில் வேண்டும். கூடவே போனவர்களில் பத்து இருபது பேரைத் தேடிப் பிடித்துப் புதிதாகச் சம்மதம் வாங்கிப் பேசுங்கள்.

‘பாதிக்கிறது’, ‘விளைவிக்கிறது’ என்று வரும் இடத்தில் எல்லாம் ‘தொடர்புள்ளது’ என்று மாற்றுங்கள். ஒரே சமயத்தில் எடுத்த தரவுக்கு அவ்வளவுதான் பேச உரிமை.

2 மே

எழுதியவர் யாரென்று ரிவ்யூவருக்குத் தெரியாதபடி பெயர் மறைத்து அனுப்புவது பற்றி. தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக வைத்தால் மட்டும் போதாது. வேர்டில் கோப்பின் பண்புகளில் உங்கள் பெயர் இருக்கும், ஓரத்தில் கைடு எழுதிய குறிப்புகளில் அவர் பெயர் இருக்கும். ‘எங்கள் முந்தைய ஆய்வில்’ என்ற சொற்றொடர் இருக்கும். நன்றியுரை இருக்கும். நாலையும் பாருங்கள்.

2 மே, மாலை

ஐந்தாவது ஒன்று: கம்பெனி அனுமதிக் கடிதத்தை ஸ்கேன் எடுத்துப் பின்னிணைப்பில் போட்டிருந்தார் ஒருவர். அதில் அவர் பெயர், கல்லூரி, கம்பெனி, கம்பெனியின் ஜிஎஸ்டி எண் எல்லாம் தெளிவாக இருந்தன.

11 மே

திருட்டுச் சதவீதம், அதாவது கட்டுரையில் எவ்வளவு பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறது என்ற கணக்கு, பற்றி நிறையப் பயம் இருக்கிறது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. மேற்கோள் பட்டியல், பொருளடக்கம், அடுத்தடுத்து 14 சொல் வரை வரும் பொதுச் சொற்றொடர்கள் எல்லாம் கணக்கில் வராது. ‘சமச்சீரற்ற பரவலைச் சோதிக்க’ போன்ற வாக்கியங்கள் எல்லார் கட்டுரையிலும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது, அந்தச் சதவீதத்தைக் குறைக்கச் சொல் மாற்றும் கருவியில் போடுவதற்கு. 2021இல் கபனாக் உள்ளிட்ட மூவர் இப்படிப்பட்ட ‘சித்திரவதைப்பட்ட சொற்றொடர்களை’த் தேடிப் பட்டியல் போட்டார்கள். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் ‘போலி உணர்வுநிலை’ என்று மாறிப்போன கட்டுரைகள் பெரிய பதிப்பகங்களின் இதழ்களிலேயே கிடைத்தன. போன வருஷம் என்னிடம் மதிப்பாய்வுக்கு வந்த ஒரு கட்டுரையில் வேலையை விட்டுப் போவதைக் குறிக்கும் ‘டர்ன்ஓவர்’ என்று வர வேண்டிய இடத்தில் எல்லாம் ‘கவிழ்ந்து விழுதல்’ என்ற பொருளில் ஒரு சொல். தொழிலாளர்கள் பக்கத்துக்குப் பக்கம் கவிழ்ந்து விழுந்துகொண்டே இருந்தார்கள். சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷம் அந்த ஸ்காலரை நினைத்து மனசு கனத்துப்போனது.

சாட்ஜிபிடி பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: அதை ஆசிரியராகப் போட முடியாது என்று பதிப்பு நெறிக் குழு, அதாவது கோப், 2023இல் சொல்லிவிட்டது. பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு பதிப்பகமும் தனி விதி வைத்திருக்கிறது, அனுப்பும் இதழின் பக்கத்தைப் படியுங்கள். அது தரும் மேற்கோளை மூலத்தில் பார்க்காமல் ஒன்றைக்கூடச் சேர்க்காதீர்கள்.

30 மே

ஆசிரியர் பட்டியலில் யார் பெயர். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதுகிறேன்.

நான் ஸ்காலராக இருந்தபோது, கட்டுரையை ஒருமுறைகூடப் படிக்காத ஒருவரின் பெயர் என் கட்டுரையில் முதலாவதாக வந்தது. எதிர்த்துப் பேசும் நிலையில் நான் இல்லை. நீங்களும் அந்த நிலையில் இருக்கலாம், அதனால் வீரம் பேசச் சொல்ல மாட்டேன். ஒரு வழி மட்டும் சொல்கிறேன். இப்போது பல இதழ்கள் கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைக் கேட்கின்றன: யோசனை, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, முதல் வரைவு என்று. எழுதத் தொடங்கும் முன்பே அந்தப் பட்டியலை அச்செடுத்து கைடு முன்னால் வைத்து, “சார், இதழ் இதைக் கேட்கிறது, எப்படி நிரப்பலாம்?” என்று கேளுங்கள். கேட்பது இதழ் என்பதால் பேச்சு சுலபமாகிறது. என் மாணவி ஒருத்தி இப்படித்தான் முதலிடத்தைக் காப்பாற்றிக்கொண்டாள்.

வினாப்பட்டியலைத் தமிழாக்கித் தந்தவருக்கு நன்றியுரையில் ஒரு வரியாவது வேண்டும்.

9 ஜூன்

முதலில் தரத்தில் மேலே உள்ள இதழுக்கு அனுப்புங்கள், திரும்பினாலும் நல்ல விமர்சனம் கிடைக்கும் என்று வேறோர் இடத்தில் சொல்லியிருந்தேன். திரும்பப் பெறுகிறேன். ஒருவர் தனிச்செய்தியில் தன் நிலையைச் சொன்னார்: ஐந்தாவது வருஷம், கைக்குழந்தை, ஒரு சுற்று மதிப்பாய்வுக்கே ஏழு மாதம். யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்டிக்கு ஆறு வருஷம், மறுபதிவில் இரண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு. இருந்தாலும் உதவித்தொகை அவ்வளவு நாள் வராது. அவருக்கு நான் சொன்னது தப்பான அறிவுரை. கையில் எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணிவிட்டு இதழைத் தேர்ந்தெடுங்கள்.

கட்டுரை வெளிவந்தால்தான் ஆய்வேடு கொடுக்க முடியும் என்பது யுஜிசி விதி என்று இங்கே சிலர் எழுதியிருக்கிறார்கள். 2016 விதியில் அது இருந்தது, 2022இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தாங்களாகவே வைத்திருக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் கையேட்டைப் பாருங்கள்.

24 ஆகஸ்ட்

தம்பியிடமிருந்து நல்ல செய்தி. மே கடைசியில் நம் நாட்டு இதழ் ஒன்றுக்கு அனுப்பியது திருத்தி அனுப்பச் சொல்லி வந்திருக்கிறது. இரண்டு ரிவ்யூவர், 23 குறிப்புகள். “கடுமையாகத் திட்டியிருக்கிறார்கள் மேடம், விட்டுவிடலாமா?” என்கிறார்.

தம்பி, இது திட்டு இல்லை. முன்பின் தெரியாத இரண்டு பேர் சம்பளம் இல்லாமல் உங்கள் கட்டுரையை வரிக்கு வரி படித்திருக்கிறார்கள். இரண்டாவது ரிவ்யூவரின் 11ஆம் குறிப்பைப் பாருங்கள். அட்டவணை மூன்றில் கூட்டுத்தொகை 409 வருகிறது என்று கூட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு நாள் தொடாதீர்கள். மூன்றாம் நாள் 23 குறிப்புகளையும் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி, கீழே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம், மாற்றிய வாக்கியம் எது என்று அப்படியே எழுதுங்கள். ‘தங்கள் மேலான கருத்துக்கு நன்றி’ என்று 23 முறை வேண்டாம், தொடக்கத்தில் ஒருமுறை போதும். ஒப்புக்கொள்ளாத குறிப்பு இருந்தால் காரணத்தோடு மறுக்கலாம். நான் இரண்டு முறை மறுத்திருக்கிறேன், இரண்டு முறையும் ஏற்றுக்கொண்டார்கள். பதில் சொல்லாமல் தாண்டிப் போவதை மட்டும் யாரும் மன்னிப்பதில்லை.

7 செப்டம்பர்

முதல் ரிவ்யூவரின் 6ஆம் குறிப்பு இது: எதிர்மறை வரிகள் தமிழில் வேலை செய்யவில்லை என்ற பகுதிதான் கட்டுரையில் எனக்கு மிகவும் பயன்பட்டது. தமிழ் வரிகளை முழுமையாகப் பின்னிணைப்பில் தரவும்.

2011இல் நான் அழித்த பகுதி அது. வேறு யாரோ தேவை என்று கேட்டு வாங்குகிறார். இன்றைக்கு மனசு நிறைந்திருக்கிறது, இதற்கு மேல் எழுத வரவில்லை.

19 அக்டோபர்

திருத்திய பிரதி போகும் முன் ஒரு சிக்கல், மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன். பின்னிணைப்பில் தமிழ் வரிகளைச் சேர்த்து இதழின் தளத்தில் ஏற்றியதும் அது தானாக ஒரு பிடிஎஃப் செய்து காட்டியது. தமிழெல்லாம் வெறும் கட்டங்கள். வேறு எழுத்துரு மாற்றியபின் எழுத்து வந்தது, ஆனால் கொம்பு எல்லாம் தனியாகக் கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. ரிவ்யூவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது தெரியவே போவதில்லை. நாளைக்குத் தமிழ் தெரிந்த ஒரு ஸ்காலர் அந்த அளவுகோலை எடுத்துப் பயன்படுத்தும்போது தெரியும்.

செய்தது: பின்னிணைப்பைத் தனிக் கோப்பாக்கி, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப்பாகத் துணைக்கோப்பு என்ற இடத்தில் ஏற்றினோம். ஆறு வரியையும் அவர் போனில் வாசிக்க, நான் இங்கே திரையில் சரிபார்த்தேன். ஐந்து சரி. ‘சொந்தம்’ வரும் வரியில் மட்டும் பழைய கோப்பிலிருந்து ஒட்டியதால் கொம்பு இன்னும் பின்னால் இருந்தது. அந்தச் சொல்லை அழித்துப் புதிதாகத் தட்டச்சு செய்து, மறுபடி ஏற்றி, இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பும் பொத்தானை அழுத்தினார். இரவு 11.40.